கற்கண்டு போட்டாலும் சர்க்கரை சர்க்கரைதான்

1/ சிங்கப்பூர் மால் ஃபுட் கோர்ட்ல சீன டெஸர்ட் கடைக்குப் போயிட்டு வர்ற நம்மாளுங்க எங்கிட்ட சொல்ற வசனம்: "கேக், ஐஸ்கிரீம்தான் கெடுதல் டாக்டர். இது பாரம்பரியம். பருப்பும் மூலிகையும்தான். சுகர் இருக்கிறவங்களும் சாப்பிடலாம்." சாப்பிடலாமா? கொஞ்சம் நீளமான த்ரெட். பொறுமையா படிங்க.

2/ எனக்கு இந்த இனிப்புகள் மேல கோபம் இல்ல. தௌ சுவான்னா உடைச்ச பாசிப்பருப்பு, மேல மொறுமொறுன்னு யூ தியாவ் துண்டு. பாசிப்பருப்பு பாயசம் சாப்பிட்டு வளர்ந்தவங்களுக்கு முதல் கரண்டியிலேயே பிடிச்சுப்போகும். என் சண்டை "ஆரோக்கியம்"ங்கிற லேபிளோட மட்டும்தான்.

3/ பருப்புல புரதமும் நார்ச்சத்தும் இருக்கு. சரி. ஆனா கிண்ணத்துல பருப்பு எவ்வளவு, பாகு எவ்வளவுன்னு பாருங்க. அந்தக் கொழகொழப்பு மாவுச்சத்து கரைச்சு ஊத்தினதால வந்தது. மேல மிதக்கிறது எண்ணெயில பொரிச்ச மைதா.

4/ "செங் திங்ல கற்கண்டுதான் போடுறாங்க." கற்கண்டும் வெள்ளைச் சர்க்கரையும் ஒரே சுக்ரோஸ். படிகம் பெருசு, அவ்வளவுதான். அதுல ஊறுற லாங்கான் பழமும் காயவெச்சது, அதுவும் தித்திப்பு.

5/ "உடம்புக்குக் குளிர்ச்சி." சீன மருத்துவத்துலயும் சித்த மருத்துவத்துலயும் சூடு, குளிர்ச்சிங்கிற பேச்சு உண்டு. அந்த நம்பிக்கையை நான் கேலி பண்ணல. ஆனா அது குளுக்கோமீட்டர் காட்டுற எண்ணைக் குறைக்காது.

6/ உலக சுகாதார நிறுவனம் 2015ல சொன்னது: சேர்க்கிற சர்க்கரை மொத்தக் கலோரியில 10%க்குக் கீழே இருக்கணும், 5%க்குக் கீழே இருந்தா இன்னும் நல்லது. அந்த 5%ங்கிறது சராசரியா 25 கிராம், சுமார் 6 டீஸ்பூன். காலை காப்பி, மத்தியான மைலோ எல்லாம் போக உங்க கணக்குல மிச்சம் எவ்வளவு?

7/ 2016ல சிங்கப்பூர் அரசு நீரிழிவு மேல போரே அறிவிச்சது. பானங்களுக்கு நியூட்ரி-கிரேட் வந்தது. பபிள் டீ வாங்குறப்போ C, D எழுத்தைப் பார்த்துக் கை கொஞ்சம் தயங்குது. கிண்ணத்துல கரண்டியோட வர்ற தௌ சுவானைப் பார்த்து யாரும் தயங்குறதில்ல. "பாட்டி காலத்துச் சாப்பாடு"ன்னு நாமளே அதுக்கு A போட்டுடறோம்.

8/ இன்னும் மூணு விஷயம்.
• தாங் யுவான்: பசையரிசி மாவு உருண்டை. சீக்கிரம் செரிச்சுச் சர்க்கரையை ஏத்தும். முதியவங்களுக்கும் குழந்தைங்களுக்கும் தொண்டையில அடைக்கலாம். சின்னதா வெட்டிக் குடுங்க.
• ஓர் நீ: சேப்பங்கிழங்கு மசியல்தான், ஆனா பழைய முறையில பன்றிக் கொழுப்பும் சர்க்கரையும் தாராளம். பன்றி சாப்பிடாதவங்க கேட்டுட்டு வாங்குங்க.
• ஜிங்கோ கொட்டை: அதிகமானா வலிப்பு வரலாம், வேகவெச்சாலும் அந்த நச்சு முழுசா போகாது. சின்னக் குழந்தைங்களுக்குக் குடுக்காதீங்க.

9/ அப்போ எதைத்தான் சாப்பிடறது? தௌ ஹுவே. சோயா பாலை உறையவெச்சது. பாகைப் பெரும்பாலும் கடைசியில மேல ஊத்துவாங்க. "பாகு வேணாம்", இல்ல "கொஞ்சமா"ன்னு சொல்லலாம். தௌ சுவான்ல அது முடியாது, சர்க்கரை ஏற்கெனவே கொதிச்சுக் கலந்தாச்சு. ஆசையா? ஒரு கிண்ணம், நாலு கரண்டி. சாப்பாட்டுக்கு மேல வேணாம், அன்னைக்குச் சோத்தைக் குறைச்சுக்கோங்க.

10/ இனிப்பை இனிப்புன்னு சொல்லிச் சாப்பிடுறவங்க அளவோட நிறுத்திடுவாங்க. மருந்துன்னு நம்பிச் சாப்பிடுறவங்கதான் ரெண்டாவது கிண்ணம் கேட்கிறாங்க. வீட்டுல சுகர் இருக்கிற பெரியவங்களுக்கு "இது நல்லது, சாப்பிடுங்க"ன்னு வாங்கிக் குடுக்கிற பிள்ளைங்களுக்கு இதை ஃபார்வர்ட் பண்ணுங்க.