சாவியைத் திருப்பினால் சத்தமே இல்லையா?



சித்திரை பிறந்தால் இங்கே புல்லும் வளரத் தொடங்கிவிடும். ஒஹாயோ, மிச்சிகன், ஒன்டாரியோ பக்கம் இருப்பவர்களுக்கு நான் சொல்லவே வேண்டாம். குளிர்காலம் முழுக்க ஷெட்டில் கிடந்த புல்வெட்டும் வண்டியை, அதாவது ரைடிங் மோவரை, ஆசையாக வெளியே எடுத்து, ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பினால் பல வீடுகளில் வண்டி அசைந்து கொடுப்பதில்லை. மே மாதத்தில் கடையில் கொண்டுபோய் விட்டால் வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அதற்குள் புல் முழங்காலைத் தொட்டுவிடும். ஆனால் இந்தக் கோளாறுகளில் பலவற்றை நீங்களே கண்டுபிடித்துவிடலாம். அதனால்தான் இந்த மாதப் பக்கத்தை இதற்கே ஒதுக்கிவிட்டேன்.

முதலில் காது கொடுத்துக் கேளுங்கள். டிக்டிக்டிக் என்று விடாமல் அடித்தால் பேட்டரியில் சார்ஜ் இல்லை என்று வைத்துக்கொள்ளலாம். ஒரே ஒரு ‘டிக்’ மட்டும் கேட்டு நின்றுவிட்டால், ஸ்டார்ட்டருக்குக் கரண்டை இணைத்துவிடும் சோலனாய்டு வேலை செய்யப் பார்க்கிறது, ஸ்டார்ட்டர் மோட்டாருக்கு வேண்டிய கரண்ட்தான் போய்ச் சேரவில்லை. எந்தச் சத்தமும் இல்லையென்றால் பியூஸ், சாவி ஸ்விட்ச், பாதுகாப்பு ஸ்விட்ச் இவற்றில் ஒன்றைச் சந்தேகப்படுங்கள். இந்த வித்தியாசம் பிடிபட்டாலே பாதி வேலை முடிந்தது.

ஒரு சாதாரண மல்டிமீட்டர் வாங்கி வையுங்கள். நல்ல சார்ஜில் இருக்கும் 12 வோல்ட் பேட்டரி, சும்மா இருக்கும்போது 12.6 காட்டும். 12-க்குக் கீழே போயிருந்தால் சார்ஜரில் போடுங்கள். 12.6 காட்டுகிறதே என்று உடனே நம்பிவிடவும் வேண்டாம். வேறொருவரைச் சாவியைத் திருப்பச் சொல்லி மீட்டரைப் பாருங்கள். 9-க்கும் கீழே சரிந்தால் அந்தப் பேட்டரிக்கு ஆயுள் முடிந்தது. குளிரும் இதற்கு ஒரு காரணம். முழு சார்ஜில் உள்ள பேட்டரி மைனஸ் 50 டிகிரி செல்சியஸிலும் உறையாது. சார்ஜ் இறங்கிப்போனதோ மைனஸ் 10-ஐத் தொடுவதற்குள்ளேயே உறைந்துவிடக்கூடும். நவம்பரிலேயே கழற்றிச் சார்ஜ் ஏற்றி வைப்பவர்களுக்கு ஏப்ரலில் தலைவலி இல்லை.

பேட்டரி சரி என்றால் அதன் முனைகளைப் பாருங்கள். வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருக்கும். கறுப்புக் கேபிளை முதலில் கழற்றுங்கள், மாட்டும்போது அதைக் கடைசியாக மாட்டுங்கள். கையில் மோதிரம், வளையல் இருந்தால் எடுத்துவிடுங்கள். சமையல் சோடாவைத் தண்ணீரில் கரைத்துத் தேய்த்துக் கழுவி, கம்பி பிரஷ்ஷால் சுரண்டி, நன்றாகக் காய்ந்தபின் இறுக்கி மாட்டினால் போதும். அந்தக் கறுப்புக் கேபிளின் மறுமுனை வண்டியின் சட்டத்தில் போல்ட் போட்டு முடுக்கியிருக்கும். பலரும் கவனிக்காமல் விடுவது அந்த இடத்தைத்தான். போல்ட்டுக்கு அடியில் துரு ஏறியிருந்தால் புதுப் பேட்டரி போட்டாலும் பயனில்லை. அப்படியே பானட்டைத் தூக்கி ஒயர்களையும் ஒரு முறை தடவிப் பாருங்கள். குளிருக்கு ஒதுங்கிய எலி கடித்து வைத்திருக்கலாம்.

ஸ்டார்ட்டர் நன்றாகச் சுற்றியும் எஞ்சின் பிடிக்கவில்லை என்றால் வேறு கதை. இந்த எஞ்சின்கள் பலவற்றில் ஸ்பார்க் வருவதற்குப் பேட்டரி தேவையே இல்லை. ஃப்ளைவீலில் இருக்கும் காந்தம் காயிலைக் கடக்கும்போதே ஸ்பார்க் உண்டாகிறது. எஞ்சினை நிறுத்த, அந்தக் காயிலிலிருந்து வரும் ஒயரைச் சாவி ஸ்விட்ச் எர்த்தோடு இணைத்துவிடும். அந்த ஒயர் எங்காவது உரசித் தோல் உரிந்து சட்டத்தில் பட்டுக்கொண்டிருந்தால், நீங்கள் எத்தனை முறை திருப்பினாலும் ஸ்பார்க் வராது.

இனி, நான் முக்கியமாகச் சொல்ல நினைத்தது. சீட்டுக்கு அடியில், பிரேக் மிதியருகே, பிளேடை ஓட்டும் குமிழில் என்று பாதுகாப்பு ஸ்விட்சுகள் இருக்கின்றன. பிரேக்கை முழுக்க மிதிக்காமலோ, பிளேடு குமிழை இறக்காமலோ சாவியைத் திருப்பினால் வண்டி எடுக்காது. அது கோளாறு அல்ல. பிளேடு சுற்றும்போது நீங்கள் சீட்டைவிட்டு எழுந்தால் எஞ்சினை நிறுத்துவதும் இதே ஏற்பாடுதான். இந்த ஸ்விட்ச் பழுதாகிவிட்டால், இரண்டு ஒயரையும் முறுக்கிச் சேர்த்துவிடு என்று யோசனை சொல்ல ஆள் இருப்பார்கள். கேட்காதீர்கள். புது ஸ்விட்சே வாங்கிப் போடுங்கள். விலை பெரிதில்லை, மாற்றுவதும் எளிது.

இன்னொன்று. ஊரிலிருந்து வந்திருக்கும் தாத்தா, பேரப்பிள்ளையை மடியில் வைத்து மோவரில் ஒரு ரவுண்டு போக ஆசைப்படுவார். சீட் ஸ்விட்சுக்குத் தெரிவது தாத்தாவின் எடை மட்டும்தான். குழந்தை நழுவி விழுந்தால் அது பிளேடை நிறுத்தாது. 16 வயதுக்குக் கீழே உள்ளவர்கள் ரைடிங் மோவரை ஓட்டக் கூடாது, குழந்தைகளை அதில் ஏற்றவே கூடாது என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் அறிவுறுத்துகிறது. புல் வெட்டி முடியும்வரை பிள்ளைகள் வீட்டுக்குள்ளேயே இருக்கட்டும்.

அன்புடன்,
ஆசிரியர்