அது பொம்மை இல்லை மக்கா!

"என்னலே மக்கா, வயசு இருவது ஆச்சு, இன்னும் லாரி வச்சு வெளையாடுதியா?"

நாகர்கோவிலோ, தக்கலையோ, மார்த்தாண்டமோ... ஃபோம் ஷீட்டை வெட்டிச் சின்னதாக லாரி செய்யும் எந்தப் பையனும் இந்தக் கேள்விக்குத் தப்பியதில்லை. கேட்பவர் மாமாவாக இருக்கலாம், டியூஷன் சாராக இருக்கலாம், பக்கத்து வீட்டுக்காரராகவும் இருக்கலாம். இதே பையன் பள்ளிக்கூடத்தில் தெர்மாகோல் எரிமலை செய்து, சோடா உப்பில் வினிகரை ஊற்றி நுரை தள்ள வைத்தபோது எல்லோரும் கைதட்டினார்கள். எரிமலையே இல்லாத மாவட்டத்தில் எரிமலை செய்தால் அறிவியல். வாசலில் தினமும் ஓடுகிற டாரஸ் லாரியை அளந்து செய்தால் விளையாட்டு! என்ன நியாயமய்யா இது?

முதலில் பொம்மைக்கும் மாடலுக்கும் என்ன வித்தியாசம் என்று பார்ப்போம். நொங்கு வண்டி பொம்மை. அதில் குறை ஒன்றும் இல்லை, ஓட்டினால் ஓடும், அதற்கு அது போதும். மாடல் அப்படி இல்லை. அதற்கு அளவு வேண்டும். இருபதுக்கு ஒன்று என்று முடிவு செய்தால், 12 மீட்டர் வண்டி 60 சென்டிமீட்டர் ஆகிறது. சட்டம் அனுமதிக்கும் அதிகபட்ச அகலமான 2.6 மீட்டர் 13 சென்டிமீட்டர் ஆகிறது. 10.00-20 டயர் மாட்டும் 20 அங்குல ரிம், சரியாக ஒரு அங்குலம். கடையில் வாங்கிய 3 மில்லிமீட்டர் ஷீட்டை அப்படியே லோடு பாடியின் பலகையாக ஒட்டினால் தொலைந்தது கதை! நிஜ லாரியில் அது 6 சென்டிமீட்டர் தடிமனுள்ள பலகை ஆகிவிடும். எந்த ஆசாரியும் அப்படிப் பலகை அடிக்க மாட்டார். இந்தக் கணக்கெல்லாம் போட்ட பிறகுதான் கட்டர் பிளேடை எடுக்க முடியும். இதற்குப் பெயரா விளையாட்டு?

"வெளிநாட்டில் எல்லாம் எவ்வளவு அழகாகச் செய்கிறார்கள்" என்று பெருமூச்சு விடுபவர்களும் உண்டு. ஜப்பானின் தாமியா கம்பெனி 14-க்கு ஒன்று அளவில் ரிமோட் லாரிகளை விற்கிறது. இத்தாலியின் இத்தலேரி 24-க்கு ஒன்று அளவில் ஸ்கானியா, வோல்வோ எல்லாம் பெட்டியில் போட்டுத் தருகிறது. எந்தத் துண்டை எங்கே ஒட்ட வேண்டும் என்று படம் போட்ட தாளும் உள்ளேயே இருக்கும். அழகான வேலைதான், மறுக்கவில்லை. ஆனால் அளந்தது யார்? கம்பெனி. ஒட்டுவது மட்டும்தான் வாங்கியவர் வேலை.

இங்கே அந்த வசதி இல்லை. அதற்கு ஒரு காரணமும் உண்டு. அசோக் லேலண்டும் டாடாவும் காலம்காலமாக எத்தனையோ லாரிகளை வெறும் சேஸிஸாகவே விற்றன. கேபினும் பாடியும் கட்டியது நாமக்கல், திருச்செங்கோடு, சங்ககிரிப் பட்டறைகள். கட்டியது கை. ஒரு பட்டறையின் நெற்றிப் பலகை மாதிரி இன்னொரு பட்டறையில் இருக்காது. எல்லாம் மேஸ்திரியின் கண்ணிலும் கையிலும் இருந்த அளவுகள். அப்படிப்பட்ட லாரியை மாடல் செய்யும் பையன் வண்டி நிற்கும் இடத்துக்கே டேப்போடு போக வேண்டும். டிரைவர் அண்ணனிடம் கெஞ்ச வேண்டும். ஸ்பிரிங்கில் எத்தனை பிளேட் என்று குனிந்து எண்ண வேண்டும். அவன் எழுதி வைக்கும் நோட்டுதான் பல வண்டிகளுக்கு மிஞ்சப்போகும் ஒரே வரைபடம்.

மிகைப்படுத்தல் என்று தோன்றுகிறதா? சரி, கொஞ்சம் பின்னால் போவோம். 1938-ல் திருவிதாங்கூர் அரசு பஸ் விட்டபோது சேஸிஸ் மட்டும்தான் இங்கிலாந்திலிருந்து வந்தது, பாடியை உள்ளூர்த் தொழிலாளர்களே கட்டினார்கள். 1983-ல் நாகர்கோவிலைத் தலைமையிடமாகக் கொண்டு நேசமணி போக்குவரத்துக் கழகம் வந்தது. 1997-ல் தலைவர்களின் பெயர்களை எடுத்தபோது அந்தப் பெயரும் போனது. அந்தப் பஸ்களில் ஏறிப் பள்ளிக்கூடம் போனவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். ஜன்னல் எவ்வளவு உயரம், படிக்கட்டு எத்தனை அங்குலம் என்று கேட்டால் எத்தனை பேர் சொல்வார்கள்? போட்டோ இருக்கலாம். போட்டோவில் வண்டி தெரியும், அளவு தெரியாது.

இனி இது இன்னும் வேகமாக நடக்கும். 15 வருடம் தாண்டிய அரசு வாகனங்களுக்குப் பதிவைப் புதுப்பிப்பதில்லை என்ற மத்திய அரசின் விதி 2023 ஏப்ரல் 1 முதல் வந்தது. 2025-ல் புது லாரிகளுக்கு ஏசி கேபின் கட்டாயமானது. டிரைவர்களுக்கு நல்லது, வரவேற்க வேண்டியதுதான். ஆனால் மரத்தில் கட்டிய கேபினின் காலம் முடிகிறது என்பதும் உண்மை.

கணக்குப் புத்தகம் இதையெல்லாம் காப்பாற்றுமா? காப்பாற்றாது. வாடகைக்கு ஓடும் லாரிக்கு வருமான வரிக் கணக்கில் வருடத்துக்கு 30 சதவீதம் தேய்மானம். பத்து லட்சம் ரூபாய் வண்டி அடுத்த வருடம் ஏழு லட்சம், அதற்கடுத்து 4,90,000, பத்தாவது வருட முடிவில் சுமார் 28,000. அப்புறம் பழைய இரும்பு. நெற்றிப் பலகையில் பூ வரைந்தவருக்கு லெட்ஜரில் பக்கம் கிடையாது.

"இதெல்லாம் சோறு போடுமா?" என்பது அடுத்த கேள்வி. பெரும்பாலும் போடாது, ஒத்துக்கொள்ள வேண்டியதுதான். ஆனால் அதற்குக் காரணம் என்ன? "பிளாஸ்டிக் லாரி கடையில் சல்லிசாகக் கிடைக்குதே" என்று பேரம் பேசுபவர்கள் ஷீட்டுக்கும் பெயின்ட்டுக்கும் மட்டும் விலை போடுகிறார்கள். இரண்டு மாத உழைப்புக்குக் கூலி பூஜ்யம். பி.காம். முதல் வருடத்தில் இப்படி ஒரு காஸ்ட் ஷீட் எழுதினால் பெயில் போடுவார்கள்! தவிர, சோறு போடாததால் ஒரு வேலை வீண் என்றால் கோலம் வீண், கிரிக்கெட் வீண், வில்லுப்பாட்டு கேட்பதும் வீண்.

பயன் இல்லையா என்றால், உண்டு. களியக்காவிளை வழியாகக் கேரளாவுக்குக் கல்லும் எம் சாண்டும் போகிற லாரிகளைப் பற்றி மாவட்டமே பேசுகிறது. பத்துச் சக்கர லாரிக்கு, வண்டி எடையும் சேர்த்து, அனுமதித்த எடை 25 டன்னாக இருந்து 2018-ல் 28.5 டன் ஆனது. இது எத்தனை பேருக்குத் தெரியும்? ஆக்சிலை எண்ணி எண்ணி மாடல் செய்தவனுக்குத் தெரியும். ஸ்பிரிங் எவ்வளவு படிந்திருக்கிறது என்று பார்த்தே ஓவர்லோடா என்று சந்தேகப்படவும் தெரியும்.

மாடல் செய்யும் தம்பிகளுக்கும் ஒரு குட்டு. எல்இடி மாலை, நீல விளக்கு, மியூசிக் ஹாரன் என்று வீடியோவுக்காக மட்டும் ஜோடிக்கிறார்கள். கிட்டப் போய்ப் பார்த்தால் சக்கரம் பெரிது, கேபின் குட்டை. கண் மதிப்பில் செய்தால் மாமா சொன்னது உண்மையாகிவிடும்! அளந்து செய்யுங்கள். முடித்ததும் வண்டியைத் திருப்பிப் போட்டு, சேஸிஸின் அடியில் நான்கு விஷயம் எழுதுங்கள்: எந்த வண்டி, எந்தப் பட்டறை, எந்த வருடம், எத்தனைக்கு ஒன்று. அசல் லாரி உடைக்கப்பட்ட பிறகு அதைப் பற்றித் தெரிந்துகொள்ள விரும்புகிறவர் அந்த நான்கு வரியைத்தான் முதலில் படிப்பார்.