ஏரிப் பாசனக் கூட்டங்கள் நடைபெற வேண்டிய முறை

பருவமழை பொய்த்து ஏரி பாதியளவே நிரம்பிய வருஷங்களில் ஆயக்கட்டுக் குடியானவர்களின் கூட்டம் கூட்டப்படுவது வழக்கம். கூட்டம் முடிந்த ஒரு வாரத்திற்குள் தலைமடையில் இராக்காலத்தில் தண்ணீர் திருப்பப்படுவதும், கடைமடையில் பயிர் காய்வதும், தகராறு போலீஸ் நிலையம் வரை செல்வதும் பல கிராமங்களில் அதே போன்ற வழக்கமாகிவிட்டன. குடியானவர்களிடத்தில் ஒற்றுமை இல்லை என்று உத்தியோகஸ்தர்கள் குறை கூறுவர். அது பாதி உண்மையே. கூட்டம் நடத்தப்பட்ட விதம் மற்றப் பாதியாகும்.

பெரும்பாலான கூட்டங்களில் நிகழ்வது யாது? அதிகாரி தாமதித்து வருகிறார். தண்ணீர்ச் சிக்கனத்தைப் பற்றி ஒரு மணி நேரம் பேசுகிறார். யாருக்கேனும் சந்தேகம் உண்டா என்று கேட்கிறார். முன்வரிசையிலுள்ள இரண்டொரு பெரிய பட்டாதார்கள் பேசுகிறார்கள். உடனே கையொப்பம் வாங்கப்படுகிறது. தீர்மானமோ பின்னர் எழுதப்படுகிறது. ஏரியில் எத்தனை நாளைக்குத் தண்ணீர் இருக்கிறதென்பதைத் திட்டமாக அறிந்த நீர்க்கட்டி, கதவோரம் நின்றுகொண்டிருந்துவிட்டுப் போய்விடுகிறார். கடைமடையில் அரை ஏக்கர் வைத்திருப்பவர் வாய் திறப்பதே இல்லை. அவருடைய மௌனத்தைச் சம்மதமென்று எழுதிக்கொள்வது எல்லாவற்றிலும் பெரிய பிழை.

கூட்டம் பேச்சில் தொடங்குவதைவிடப் பார்வையில் தொடங்குவது நலம். நீர்க்கட்டி முன்னே செல்ல, தலைமடையாரும் கடைமடையாரும் அதிகாரியும் சேர்ந்து ஏரித் தூம்பிலிருந்து வாய்க்கால் முடியும் இடம்வரை ஒரு முறை நடந்து வருவார்களாயின், எந்த இடத்தில் கரை உடைந்திருக்கிறது, எந்த வயலில் வேண்டாத தண்ணீர் நிற்கிறது என்பவை தர்க்கத்திற்கு இடமின்றி விளங்கும். வயலில் துளையிட்ட குழாயொன்றைப் பதித்து, தண்ணீர் மண்மட்டத்திற்குக் கீழே 15 சென்டிமீட்டர் இறங்கிய பிறகு மறுபடி பாய்ச்சினாலும் நெல்லுக்குக் கேடில்லை. பூக்கும் தருணத்தில் மட்டும் நீர் கட்டியிருத்தல் அவசியம். நம் முன்னோர் காய்ச்சலும் பாய்ச்சலும் என்றது இதுவே. இதைத் தலைமடை வயலிலேயே குழாயைப் பதித்துக் காட்டினால், தண்ணீரை விட்டுக்கொடுப்பது பயிரை விட்டுக்கொடுப்பதாகாது என்பது மேடைப் பிரசங்கமின்றியே அவருக்குப் புலப்படும்.

இவ்விதம் பார்த்துப் பேசுவதன் பயனுக்கு அயல்நாட்டில் தக்க உதாரணம் உண்டு. இந்தோனேஷியாவில் புகையான் பூச்சியால் நெற்பயிர் பெரிதும் அழிந்தபின், 1986ஆம் வருஷத்தில் அந்நாட்டு அரசாங்கம் 57 வகைப் பூச்சிமருந்துகளை நெல்லுக்கு உபயோகிக்கலாகாதென விலக்கிற்று. 1989ஆம் வருஷத்தில் அங்கே வயல்வெளிப் பள்ளிகள் தொடங்கப்பட்டன. சுமார் 25 குடியானவர்கள் பருவம் முழுவதும் வாரம் ஒருமுறை வயலில் கூடுவர். ஐந்தைந்து பேராகப் பிரிந்து, பயிரையும் பூச்சிகளையும் அவற்றைத் தின்னும் சிலந்தி முதலியவற்றையும் கவனித்துப் பெரிய காகிதத்தில் வரைவர். பின்னர் ஒவ்வொரு குழுவும் தன் முடிவை எல்லோர்க்கும் எடுத்துரைக்கும். உடன் இருக்கும் உத்தியோகஸ்தர் கேள்விக்கு விடை கூறிவிடாமல் திருப்பி ஒரு கேள்வியே கேட்பார். நம்மவர்களுக்கு இது சற்றுக் கடினமான பயிற்சிதான்! ஆயினும் ஐந்து பேர் நடுவே பேசத் துணிந்தவன், பிறகு இருபத்தைந்து பேர் நடுவிலும் பேசுவான்.

கூடும் இடமும் அற்ப விஷயமன்று. பெரிய வீட்டுத் திண்ணையில் கூட்டினால் அத்திண்ணையில் ஏறாதவர்கள் தெருவில் நிற்பர். அவர்கள் நிலமும் அதே ஏரியில்தான் பாய்கிறது. ஏரிக்கரை மரத்தடியில் யாவரும் ஒரே தரையில் உட்காரலாம். நடவும் களையெடுப்பும் பெண்களாலேயே பெரும்பாலும் நடப்பதால், அவர்களுக்கு ஒழிந்த வேளையைக் கேட்டே நாள் குறிக்க வேண்டும்.

உத்திரமேரூரில் முதலாம் பராந்தக சோழன் காலத்து 919, 921ஆம் வருஷத்திய கல்வெட்டுக்களில் ஏரி வாரியத்தைக் குடவோலை மூலம் தேர்ந்தெடுக்கும் முறை விவரிக்கப்பட்டிருக்கிறது. அது நிலமுள்ள அந்தணர்களின் சபையாதலால் எல்லா அம்சங்களிலும் நமக்கு முன்மாதிரியாகாது. எனினும் வாரியத்திலிருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் மறுபடி தேர்ந்தெடுக்கப்படலாகாது என்ற விதி இன்றும் கொள்ளத்தக்கது.

ஏரியில் 40 நாள் தண்ணீரே உள்ளது, பயிருக்கு 50 நாள் வேண்டுமென்று வைத்துக்கொள்வோம். அப்பொழுது எவர் எந்த நாளில் எத்தனை மணி நேரம் பாய்ச்சுவதென்பதைக் கூட்டத்திலேயே எழுதி, உரக்க வாசித்து, கடைமடையாரை முதலில் கேட்டுத் திருத்தி, அதன் பிறகே கையொப்பம் வாங்க வேண்டும். ஒரு பிரதி நீர்க்கட்டியிடம் இருத்தல் அவசியம். பத்தாம் நாள் மறுபடி கூடும்போது அந்த ஏட்டை வாசித்து, முறை எங்கே தவறிற்று என்று நீர்க்கட்டியையே முதலில் சொல்லச் செய்யலாம்.