சட்டம் தெரியாதது யார் குற்றம்?

"இப்படியொரு சட்டம் இருப்பதே எனக்குத் தெரியாது" என்று கூறி நீதிமன்றத்தில் எவரும் தப்ப முடியாது என்பார்கள். நியாயந்தான். ஆனால் தெரிந்துகொள்வது மக்களின் கடமையென்றால், தெரியப்படுத்துவது யாருடைய கடமை?

நம் நாட்டில் செய்திக்குப் பஞ்சமில்லை. புகார் கொடுத்தவருக்கு முதல் தகவல் அறிக்கையின் நகலைக் காவல் நிலையத்தில் இலவசமாகத் தரவேண்டும். 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டப்படி, விசாரணை எந்த அளவில் இருக்கிறது என்பதையும் 90 நாட்களுக்குள் அவருக்குத் தெரிவிக்க வேண்டும். முதல் தகவல் அறிக்கைகளை இணையதளத்தில் வெளியிடுமாறு 2016-இல் உச்ச நீதிமன்றமே உத்தரவிட்டது. வழக்கு எந்தத் தேதிக்குத் தள்ளிவைக்கப்பட்டது என்பதை ‘இ-கோர்ட்ஸ்’ தளத்தில் காசில்லாமல் பார்க்கலாம். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும், வருமானம் எவ்வளவாயினும், வக்கீல் கட்டணமின்றிச் சட்ட உதவி உண்டு. 1987-ஆம் ஆண்டுச் சட்டம் அது. கேட்பதற்கு ஒரு தொலைபேசி எண்ணும் இருக்கிறது: 15100.

தோழியரே, உங்களில் எத்தனை பேருக்கு இந்த எண் தெரியும்? 1098 என்றால் உடனே சொல்லிவிடுவீர்கள். அதைப் பள்ளிச் சுவர்களில் எழுதி வைத்திருக்கிறார்கள் அல்லவா!

எங்கள் தெருவில் ஓர் அத்தையின் சங்கிலியை யாரோ பறித்துச் சென்றுவிட்டார்கள். புகார் கொடுத்தார். நகல் கேட்டபோது "அப்புறம் வாம்மா" என்றார்களாம். நான்கு முறை நடந்தபின், வெளியே மனு எழுதும் ஒருவரிடம் பணம் கொடுத்து அந்தத் தாளை வாங்கி வந்தார். சட்டப்படி இலவசமாகக் கையில் கிடைத்திருக்க வேண்டிய தாள் அது! "இணையதளத்திலேயே இருக்குமே அத்தை" என்றேன் நான். காவல்துறைத் தளத்தில் தேடினால் மாவட்டம், காவல் நிலையம், ஆண்டு எல்லாம் கேட்டது. கூடவே முதல் தகவல் அறிக்கையின் எண்ணையும் கேட்டது. அந்த எண் எங்கே இருக்கும்? அந்தத் தாளில்தான்! தாள் இல்லாதவர் அதை எப்படித் தேடுவது?

ஆகவே, வெளியிட்டுவிட்டால் போதும் என்று இருந்துவிடக் கூடாது என்பதே என் கருத்து. வெயிலில் காத்திருக்கும் பெண்ணின் கண்ணில் படும்படி, காவல் நிலைய வாசலிலும் நீதிமன்ற வாசலிலும் இந்த நான்கைந்து விவரங்களைப் பெரிய எழுத்தில், நல்ல தமிழில் எழுதி வைக்கட்டும். ஒரு பலகைக்கு எவ்வளவு செலவாகிவிடும்? உச்ச நீதிமன்றமே தன் தீர்ப்புகள் பலவற்றைத் தமிழில் மொழிபெயர்த்து வெளியிடும்போது, ஒரு பலகை எழுதுவதா கடினம்?

எல்லாவற்றையும் பகிரங்கப்படுத்தலாமா என்று சிலர் கேட்கக்கூடும். கூடாதுதான். குற்றத்துக்கு ஆளான சிறுவர், குற்றம் சாட்டப்பட்ட சிறுவர் ஆகியோரின் பெயரை வெளியிடுவதைச் சட்டமே தடுக்கிறது. பாலியல் குற்ற வழக்குகள் மூடிய அறையில் நடக்கின்றன. மறைக்க வேண்டியதை மறைக்கட்டும். நம் உரிமையை ஏன் மறைக்க வேண்டும்?

பயிற்சியைப் பற்றியும் ஒரு வார்த்தை. நீதிபதிகளுக்குச் சென்னையில் நீதித்துறைப் பயிலகம் இருக்கிறது. வழக்கறிஞர்களுக்குச் சட்டக் கல்லூரிகள் இருக்கின்றன. சாட்சிக் கூண்டில் முதன்முதலாக ஏறும் பாட்டிக்கு எங்கே பயிற்சி? இதற்காகவே 2009-இல் சட்டத் தன்னார்வலர் திட்டம் ஒன்று வந்தது. ஆசிரியர், அங்கன்வாடிப் பணியாளர் போன்றோர் பயிற்சி பெற்று, அக்கம்பக்கத்தாருக்கு வழிகாட்டலாம். நன்னடத்தையுள்ள, படித்த கைதிகள்கூட இதில் சேரலாம் என்பது என்னை மிகவும் மகிழ்வித்த செய்தி. நம் அன்னையரில் எத்தனையோ பேர் இதற்குத் தகுதியானவர்களே.

தமிழ்த் தேர்வுக்காக நாம் நூலக உறுப்பினர் படிவம் நிரப்பப் பழகுகிறோம். உணவு விடுதியில் சோறு சரியில்லை என்று அதிகாரிக்குக் கடிதம் எழுதுகிறோம். அதே பாடவேளையில் ஒரு நாள், இலவசச் சட்ட உதவி கேட்கும் விண்ணப்பத்தையும் நிரப்பிப் பார்க்கலாமே! நவம்பர் 9 சட்டப் பணிகள் நாள். குழந்தைகள் தின விழா ஒத்திகைக்கு நடுவே அரைமணி நேரம் போதும்.