கையெழுத்து நல்லா இருக்கு, நீயே எழுது!

எனக்கு ஊர் கொடைரோடு. உடனே "ஐ, கொடைக்கானலா!"ன்னு சந்தோஷப்படாதீங்க. கொடைக்கானல் போறவங்க ரயிலை விட்டு இறங்கி, பஸ் பிடிச்சதும் மறந்துடற ஊர் இது. குளிர் கிடையாது, ஏரி கிடையாது. வெயில் உண்டு, திராட்சை உண்டு. பிசிக்ஸ் படிக்கிற நான் ஒருத்தி உண்டு.

பொண்ணு பிசிக்ஸ் படிக்கிறதுல சில வசதி இருக்கு. "என்னம்மா படிக்கிற?"ன்னு கேக்குற அத்தைமார் பதிலைக் கேட்டதும் கப்சிப். மிஞ்சிப்போனா ஒரே கேள்வி, "அப்ப டீச்சர் வேலைக்கா?" ஆனா வீட்ல ஃபியூஸ் போனா மட்டும் என்னைக் கூப்பிட மாட்டாங்க. பத்தாவது படிக்கிற தம்பியைத்தான் தேடுவாங்க. அறிவியல்ல அவன் வாங்கின மார்க்கை இங்க எழுதினா எனக்கு ராத்திரி சோறு கிடைக்காது. எனக்கு வர்ற வேலை, டார்ச் பிடிக்கிறது :)

இதையெல்லாம் சிரிச்சுட்டு விட்டுடலாம். லேப்ல நடந்ததைத்தான் விட முடியல.

எங்க குரூப்ல மூணு பசங்க, நான் ஒருத்தி. முதல் நாளே வேலை பிரிச்சாச்சு. ஒருத்தன் டெலஸ்கோப்ல பாப்பான், ஒருத்தன் ப்ரிஸம் திருப்புவான், ஒருத்தன் வெர்னியர் படிப்பான். "உன் கையெழுத்து நல்லா இருக்கு, நீயே எழுது." பாராட்டுன்னு நம்பி வருஷம் பூரா எழுதினேன். நாலு பேர் ரெக்கார்டு நோட்டுக்கும் மூலம் என் நோட்டுதான்.

செய்முறைத் தேர்வுல சீட்டு எடுத்தா, ஸ்பெக்ட்ரோமீட்டர். ப்ரிஸத்தை மெல்லத் திருப்பினா அந்த மஞ்சள் கோடு ஒரு பக்கமா நகர்ந்து, ஒரு இடத்துல நின்னு, வந்த வழியே திரும்பும். நிக்கிற இடத்தோட கோணம்தான் வேணும். அந்த எண்ணை எத்தனையோ தடவை எழுதினவ நான். கோடு நின்னு திரும்புறதை ஒரு தடவைகூடப் பாத்ததில்லை! முக்கால் மணி நேரம் கோட்டைத் தேடியே போச்சு. எப்படியோ பாஸ். பசங்களுக்குக் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. மாட்டேன்னு நானும் சொல்லலையே.

அந்தக் கடுப்புல இருந்தப்பதான் எங்க தலைக்கு மேல, மலையில வாழ்ந்த ஒரு அம்மாவைப் பத்திப் படிச்சேன். கொடைக்கானல் வானாய்வகத்துல 1909இல் ஜான் எவர்ஷெட் ஒண்ணு கண்டுபிடிச்சார். சூரியப் புள்ளிகள்ல வாயு நடுவிலிருந்து வெளிப்பக்கமா ஓடுதுன்னு. நிறமாலைக் கோடு துளி நகர்ந்திருக்கிறதை வச்சுச் சொன்னார். (நான் கோட்டையே காணாம தவிச்சேன், விடுங்க.) அவரோட மனைவி மேரி எவர்ஷெட். "கணவருக்கு உதவியா இருந்தார்"னு ஒரு வரியில முடிச்சுடறாங்க.

உதவியாம்! 1906இல் கல்யாணம் ஆகறதுக்கு முன்னாடியே தென்வானத்து நட்சத்திரங்களுக்கு வழிகாட்டிப் புத்தகம் போட்டவங்க. சூரியப் புள்ளிகளை ஒட்டி எழும்புற பிழம்புகளைப் பத்தி 1913இல் தன் பேர்ல மட்டும் கட்டுரை எழுதினாங்க. வந்தது லண்டன் ராயல் வானியல் கழகத்தோட இதழ்ல. அந்தக் கழகம் பெண்களை உறுப்பினரா சேத்துக்க ஆரம்பிச்சது 1916இல்தான். அதாவது கட்டுரை உள்ள போகலாம், எழுதினவங்க வாசல்ல நிக்கணும். 1917இல் வந்த கொடைக்கானல் வெளியீட்டுல கணவர் பேரோட இவங்க பேரும் இருக்கு. கழகத்துல இடம் கிடைச்சது 1924இல்.

கருவியெல்லாம் பொண்ணுங்களுக்கு வராதுன்னு யாராவது சொன்னா அன்னா மணி பேரைச் சொல்லுங்க. 1918இல் பீர்மேட்டுல பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில படிச்சவங்க. சி.வி.ராமன் ஆய்வகத்துல வைரத்தோட நிறமாலையை ஆராய்ஞ்சு ஆய்வேடு கொடுத்தாங்க. முதுகலைப் பட்டம் இல்லைன்னு சென்னைப் பல்கலைக்கழகம் முனைவர் பட்டம் தரலை. அவங்க அசரலை. வானிலைத் துறைக்குப் போய், சுமார் 100 கருவிகளுக்கு வரைபடங்களை முறைப்படுத்தினாங்க.

எழுதுற வேலை மட்டம்னு நான் சொல்லலை. கொடைக்கானல்ல 1904லிருந்து சூரியனைப் படம் எடுத்துச் சேத்து வச்சதுதான் இன்னிக்கு உலகத்துக்கே சொத்து. பதிவு இல்லாம அறிவியல் இல்லை. ஆனா எழுதுறவளும் ஒரு தடவை பாத்திருக்கணும், பாக்குறவனும் ஒரு தடவை எழுதியிருக்கணும். அதுக்குப் பெரிய புரட்சி எதுவும் வேண்டாம். தோழிகளே, அடுத்த தடவை யாராவது உங்க கையெழுத்தைப் புகழ்ந்தா, நன்றி சொல்லிட்டுப் பேனாவை அவங்க கையில கொடுங்க.

இப்ப எங்க குரூப்ல ஒவ்வொரு ரீடிங்குக்கும் பேனா கை மாறுது. பசங்க கையெழுத்து கோழி கிளறின மாதிரிதான் இருக்கு. பரவாயில்லை, பழகிடும். எனக்கும் கோடு கிடைச்சிடுச்சு. அது நின்னு திரும்புறப்ப எவ்வளவு அழகு தெரியுமா?

போன வாரம் மறுபடி ஃபியூஸ் போச்சு. தம்பி கையில டார்ச்சைக் கொடுத்தேன், மெயினை ஆஃப் பண்ணிட்டு நானே ஸ்டூல் மேல ஏறினேன். அஞ்சு நிமிஷத்துல லைட் வந்துடுச்சு.

"இருட்டுல தம்பி எவ்வளவு நல்லா டார்ச் பிடிச்சான் பாரு!"ன்னாங்க அம்மா.