கோபுரத்தை காட்டுறீங்க... கூடைக்காரம்மாவை காட்டினீங்களா?

சென்னை மயிலாப்பூரில் ஞாயிற்றுக்கிழமை காலையில் கபாலீசுவரர் கோவில் பக்கம் போனால் சில நாட்களில் ஒரு காட்சியை பார்க்கலாம். தொப்பி, தண்ணீர் பாட்டில், கேமராவோடு ஒரு கூட்டம். முன்னால் ஒருவர் கையை நீட்டி விளக்கம் சொல்லிக்கொண்டே நடப்பார். இதற்கு 'பாரம்பரிய நடைபயணம்' என்று பெயர்.

1639-ம் ஆண்டு ஆகஸ்டு 22-ந்தேதி சென்னை பிறந்ததாக கணக்கு வைத்து, 2004-ம் ஆண்டு முதல் 'மெட்ராஸ் டே' கொண்டாடுகிறார்கள். அதில் இருந்து இந்த நடைபயணங்கள் சூடுபிடித்தன. ஆகஸ்டில் ஒரு சுற்று, ஜனவரியில் மயிலாப்பூர் திருவிழாவில் இன்னொரு சுற்று. இலவசமாக கூட்டிப்போகிறவர்களும் உண்டு, காசு வாங்குகிறவர்களும் உண்டு.

என்ன காட்டுவார்கள்? 120 அடி உயர கிழக்கு கோபுரம், மேற்கே தெப்பக்குளம், சித்திரக்குளம், திண்ணை வைத்த பழைய வீடுகள். அப்படியே லஸ் பக்கம் போனால் 1516-ம் ஆண்டு போர்ச்சுக்கீசியர் கட்டிய பிரகாச மாதா கோவில். சென்னை என்று ஒரு ஊர் பிறப்பதற்கு 123 வருஷம் முந்தியது! தெப்பக்குளத்துக்கு நிலம் கொடுத்தது ஆற்காடு நவாப் என்றும் சொல்வார்கள். கேட்க நல்லாத்தான் இருக்கு. நம்ம பிள்ளைகளுக்கும் தெரிய வேண்டிய சங்கதிதான்.

ஆனால் கல்லும் கட்டிடமும் மட்டும்தான் பாரம்பரியமா?

சட்டம் சொல்வது என்ன?

தெற்கு மாட வீதியில் காய்கறி விற்கும் அம்மா, கோவில் வாசலில் பூ கட்டுபவர், நவராத்திரிக்கு வடக்கு மாட வீதியில் கொலு பொம்மை பரப்புகிறவர்... இவர்களில் பலருக்கு இது அம்மா, பாட்டி காலத்து தொழில். வருகிறவர்கள் இவர்களையும் படம் எடுக்கிறார்கள். ஆனால் 'ஆக்கிரமிப்பு அகற்றம்' என்று லாரி வந்தால் முதலில் பறப்பது இந்த கூடைதான்.

2014-ல் மத்திய அரசு தெரு வியாபாரிகள் பாதுகாப்பு சட்டம் கொண்டு வந்தது. அதன் அட்டவணையில் ஒரு வரி இருக்கிறது. தெரு வியாபாரிகள் 50 வருஷத்துக்கு மேல் வியாபாரம் செய்த இயற்கை சந்தையை 'பாரம்பரிய சந்தை' என்று அறிவிக்க வேண்டும். அங்கிருந்து அவர்களை இடம் மாற்றக்கூடாது! அதாவது கோபுரத்துக்கு கிடைக்கிற அதே 'பாரம்பரியம்' என்ற பட்டம் கூடைக்கும் கிடைக்க வழி இருக்கிறது. வியாபாரம் தொடர்பான முடிவுகளுக்கு நகர விற்பனை குழு இருக்க வேண்டும், அதில் 40 சதவீதம் வியாபாரிகள், அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள் என்றும் சட்டம் சொல்கிறது. இது எத்தனை பேருக்கு தெரியும்?

பாண்டிபஜார் பாடம்

இடம் மாற்றினால் என்ன ஆகும் என்பதற்கு தி.நகர் சாட்சி. பாண்டிபஜார் பிளாட்பார வியாபாரிகளை 2013-ல் மாநகராட்சி வணிக வளாகத்துக்குள் அனுப்பினார்கள். தலைக்கு மேல் கூரை வந்தது, நிஜம்தான். ஆனால் 'நடந்து போகிறவர் நின்னு வாங்குவார், மாடி ஏறி யார் வருவா?' என்பதுதான் அவர்கள் புலம்பல். 2019 நவம்பரில் அதே ரோட்டில் அழகான நடைபாதை வளாகம் திறந்தார்கள். நடக்க இடம் கிடைத்தது. அங்கே காலம் காலமாக விற்றவர்களோ மாடியில்!

நடக்கிறவர்களுக்கும் வழி வேண்டும், மறுக்கவில்லை. அதற்குத்தான் கோடு போட்டு, அடையாள அட்டை கொடுத்து, அளவோடு உட்கார வைக்க சட்டம் இடம் தருகிறது.

அடுத்து மயிலாப்பூருக்கும் மாற்றம் வருகிறது. இரண்டாம் கட்ட மெட்ரோவின் 2 வழித்தடங்கள் திருமயிலையில் சந்திக்கின்றன. ரெயில் ஓடினால் கூட்டம் கூடும். இடத்தின் மதிப்பு எகிறும். அப்போது மாட வீதியில் தரையில் உட்கார்ந்திருப்பவர் கதி என்ன? அதை இப்போதே பேசி முடிக்க வேண்டும்.

நடைபயணம் நடத்துகிறவர்களுக்கு ஒரு யோசனை. தெற்கு மாட வீதியில் 5 நிமிஷம் கூடுதலாக நில்லுங்கள். அந்த அம்மா எத்தனை வருஷமா இங்கே உட்காருகிறார் என்று கேளுங்கள். அவர் சொல்வதை எழுதி வையுங்கள். '50 வருஷ சந்தை' என்று நிரூபிக்க நாளைக்கு அதுவே கை கொடுக்கலாம்.

அப்படியே ரெண்டு கட்டு கீரையும் வாங்கிட்டு போங்க சார்!