மலையிறங்கக் கற்போம்

அலிபிரிப் படிகளை ஏறிப் பழகிவிட்டால் மலையோட்டப் போட்டிக்குப் பெயர் கொடுத்துவிடலாம் என்று நம் மாணவ நண்பர் பலர் எண்ணுகின்றனர். நானும் அவ்வாறு எண்ணியவனே. சுமார் 3,550 படிகளை ஏறிய களிப்பில் விரைந்து இறங்கினேன். மறுநாள் புத்தலப்பட்டில் வீட்டுத் திண்ணையை விட்டு இறங்கச் சுவரைப் பிடிக்க வேண்டியதாயிற்று!

ஏறும்போது தொடைத் தசை சுருங்கி உழைக்கிறது. இறங்கும்போதோ நீண்டுகொண்டே உடலின் பாரத்தைத் தாங்குகிறது. தசை இழைகளை மிகுதியும் சிதைப்பது இவ்வுழைப்பே. சிறிது சிறிதாக இறங்கிப் பழகிய தசை, அடுத்த முறை அவ்வளவு துன்புறுவதில்லை. ஆகவே வாரம் ஒரு நாளேனும் இறக்கத்தில் பயிற்சி வேண்டும். அதற்குப் பக்தர்கள் நடக்கும் படிகள் எதற்கு? சித்தூர் மாவட்டத்தில் குன்றுகளுக்கா பஞ்சம்?

இன்னொரு வகை இறக்கமும் உண்டு. வானிலை மாறினால், போட்டியை விட்டுத் திரும்புதல். 2021 மே 22 அன்று சீனாவின் கான்சு மாகாணத்தில் நடந்த 100 கிலோமீட்டர் மலையோட்டத்தில், கடுங்காற்றும் குளிர்மழையும் தாக்கி 21 பேர் மாண்டனர். தேர்ந்த வீரர்களும் அவர்களுள் இருந்தனர். காற்றைத் தடுக்கும் மேலங்கி அப்போட்டியில் கட்டாயமாக்கப்படவில்லை.

பாதியில் திரும்பிய தோழன் ஒருவனை நாம் நகைத்தோம், நானும் நகைத்தேன். அது தவறு. நம் கேலிக்கு அஞ்சி ஒருவன் மலையுச்சியில் குளிரில் நிற்பானாயின், அப்பழி யாருடையது? மல்நாடு அல்ட்ரா போன்ற ஓட்டங்களுக்குப் பெயர் கொடுக்குமுன், மேலங்கியோடு திரும்பி வரும் துணிவையும் நண்பர்கள் எடுத்துச் செல்க!